புது வட்டு, பழைய கை

ஆறு மீட்டர். யோசிக்காமல் எறிந்தாலும் விழும் என்று நான் நம்பியிருந்த தூரம். வட்டு கூடையின் விளிம்பில் இடித்துச் சாய்ந்து புல்லில் உருண்டு போனது. அடுத்த கூடையிலும் அதே இடப்பக்க விளிம்பு, அதே இரும்புச் சத்தம். அதற்கு முந்திய வாரம்தான், பல வருடமாக என் பையில் இருந்த ‘பட்டர்’ வட்டு ஏரிக்குள் போயிருந்தது. புதிதாக வாங்கியதும் அதே பெயர், அதே அச்சு, அதே எடை. விற்றவர் பார்வையில் இரண்டும் ஒன்றுதான். என் கை அதை ஒப்புக்கொள்ளவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்வி: மாறியிருப்பது வட்டா, நானா?

டிஸ்க் கோல்ஃப் ஆடுகிறவர்கள் எல்லோரும் ஏதோ ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து சேர்கிறார்கள். ஆட்டம் எளியது. கோல்ஃபில் பந்து, இங்கே வட்டு. அங்கே குழி, இங்கே ஒரு கம்பத்தைச் சுற்றித் தொங்கும் சங்கிலிகளும் அவற்றின் கீழே ஓர் இரும்புக் கூடையும். எத்தனை எறியில் கூடைக்குள் போடுகிறோம் என்பதே கணக்கு. நெடுந்தூரத்துக்கு ஒருவகை வட்டு, நடுத்தூரத்துக்கு இன்னொரு வகை, கூடைக்கு அருகே வந்தபின் எறிவதற்கு வேறொரு வகை. அந்தக் கடைசி எறிக்குப் ‘பட்’ என்று பெயர். அதற்கான வட்டு பட்டர். மற்ற வட்டுகள் தேவைக்கேற்ப வந்து போகும். பட்டர் மட்டும் ஏறக்குறைய எல்லாக் கூடையிலும் கைக்கு வரும்.

கூடையைச் சுற்றி 10 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் உண்டு. அதற்குள் நின்று எறிகிறவர், எறிந்தபின் உடல் நிலைகொண்டதைக் காட்டிவிட்டுத்தான் முன்னே அடிவைக்கலாம் என்பது விதி. ஓடிவந்த வேகத்தையோ முன்னே சாயும் உடம்பின் பாரத்தையோ துணைக்கு அழைக்க வழியில்லை. எனவே பட் என்பது விரலும் மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து செய்யும் சின்ன வேலை. அசைவு சின்னதாக ஆக ஆக, கையிலிருக்கும் பொருளில் வரும் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும். முன்னணி ஆண் வீரர்கள், மிகக் கிட்டத்து எறிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், இந்த வட்டத்துக்குள் பத்துக்கு எட்டு ஒன்பதைப் போட்டுவிடுகிறார்கள். 10 மீட்டரைத் தாண்டி 20 வரை போனால் மூன்றில் ஒன்று விழுந்தாலே சிறப்பு. அப்படியானால் அந்த 10 மீட்டருக்குள் நழுவும் ஒவ்வொரு எறியும் கணக்கில் நேரடியாக ஏறுகிறது.

புது பட்டருக்குப் பழக எத்தனை நாளாகும் என்று கேட்டால் இரண்டு விதமான பதில்கள் வருகின்றன. வட்டில் ஒன்றுமில்லை, எல்லாம் கையில்தான் இருக்கிறது என்பது ஒரு கட்சி. ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி இவர்களுக்குப் பொருந்திப் போகும். இரண்டு மோசமான சுற்றுக்குப் பிறகு புது வட்டு வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் இவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பது தெரிகிறது. கைக்கேற்ற வட்டு அமையாதவரை எறி நிலைக்காது என்பது மற்றக் கட்சி. சில சமயம் கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கத்தான் செய்கிறது. இந்த இரு தரப்பும் வட்டின் வெவ்வேறு பகுதிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றன என்பது என் எண்ணம். ஒரு பட்டருக்கும் இன்னொரு பட்டருக்கும் பறப்பதில் இருக்கும் வித்தியாசத்தை நாம் மிகைப்படுத்துகிறோம். கையை விட்டு விலகுவதில் இருக்கும் வித்தியாசத்தைக் குறைத்து மதிப்பிடுகிறோம். பழகுவதற்கான காலத்தை நிர்ணயிப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

பட்டர் எப்படி இந்த வடிவத்துக்கு வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். வாம்-ஓ நிறுவனத்தில் இருந்துகொண்டு ஃபிரிஸ்பீ வட்டின் வடிவத்தை மேம்படுத்திக் காப்புரிமை பெற்ற எட் ஹெட்ரிக், 1975இல் கலிபோர்னியாவின் லா கன்யாடா பகுதியில் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். தொடக்கத்தில் இலக்கு வெறும் கம்பம். வட்டு அதில் பட்டதா இல்லையா என்று ஓயாமல் வாக்குவாதம் வந்தது. சங்கிலியும் கூடையும் வந்த பிறகுதான் ‘போட்டது’ என்பதற்குச் சந்தேகமில்லாத சாட்சி கிடைத்தது. 1976இல் தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கமான பிடிஜிஏவையும் அவரே தொடங்கினார். 2002இல் அவர் இறந்தபோது, அவருடைய விருப்பப்படியே அவர் சாம்பலைக் கலந்து வட்டுகள் வார்க்கப்பட்டன. இந்த ஆட்டக்காரர்கள் வட்டோடு கொள்ளும் உறவு எத்தகையது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

வட்டின் வரலாற்றில் பெரிய திருப்பம் 1983இல் வந்தது. இன்னோவா நிறுவனத்தின் டேவ் டனிபேஸ், விளிம்பைச் சரிவாகச் சீவியதுபோல் வடிவமைத்த ‘ஈகிள்’ என்ற வட்டைக் கொண்டுவந்தார். அது காற்றைக் கிழித்துக்கொண்டு போனது. நெடுந்தூர வட்டுகள் அதற்குப் பிறகு மேலும் மேலும் கூர்மையாகின. அவற்றின் விளிம்பு இன்றைய விதிப்படி 2.6 சென்டிமீட்டர் வரை அகலமாக இருக்கலாம். பட்டர் அந்தப் பாதையில் போகவில்லை. அதன் விளிம்பு இன்றும் 1 சென்டிமீட்டருக்கு அருகில்தான். முனை மழுங்கலாக, உட்குழிவு ஆழமாக, பழைய ஃபிரிஸ்பீயின் நெருங்கிய உறவாகவே இருக்கிறது. வேகம் அதற்குத் தேவையில்லை. நேராகப் போய், சங்கிலியில் மோதி, அங்கேயே விழ வேண்டும். ஆழமான உட்குழிவு இருப்பதால் விரல்கள் அதன் உள்ளே முழுதாக மடங்கி உட்காருகின்றன. கையோடு இத்தனை நெருக்கமாக ஒட்டும் வட்டு பையில் வேறில்லை. பட்டரை மாற்றினால் அதைக் கை முதலில் உணர்வதும் இதனால்தான்.

இப்போது பறத்தல். வலக்கைக்காரர் பின்கையால் எறிந்தால், மேலிருந்து பார்க்கும்போது வட்டு கடிகாரச் சுற்றில் சுழலும். காற்று அதைத் தாங்கும் விசை சரியாக நட்டநடுவில் விழுவதில்லை. வேகம் குறையும்போது அது நடுவுக்குச் சற்று முன்னே விழுந்து முன்விளிம்பைத் தூக்கப் பார்க்கிறது. சுழலாத பொருளாக இருந்தால் முன்புறம் மேலே எழுந்துவிடும். சுழலும் பொருளில் அந்தத் தள்ளலின் விளைவு 90 பாகை தள்ளித் தெரியும். பம்பரம் சாய்ந்து விழாமல் தலையை ஆட்டியபடி சுற்றுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. எனவே முன்விளிம்பு எழுவதற்குப் பதில் வலப்புறம் எழுகிறது. வட்டு இடப்பக்கம் சாய்ந்து, சாய்ந்த பக்கமே நகர்ந்து முடிகிறது. வட்டுக்கு வட்டு இந்தக் கடைசிச் சாய்வு மாறும்.

இதைச் சொல்லத்தான் தயாரிப்பாளர்கள் நான்கு எண்களை அச்சிடுகிறார்கள்: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் வலப்பக்கம் திரும்பும் குணம், முடிவில் இடப்பக்கம் சாயும் குணம். ஊரறிந்த பட்டரான இன்னோவாவின் ஏவியருக்கு 2, 3, 0, 1. டிஸ்கிராஃப்டின் லூனாவுக்கு 3, 3, 0, 3. சுவீடனின் காஸ்டாபிளாஸ்ட் நிறுவனத்தின் பெர்குக்கு 1, 1, 0, 2. இந்த எண்களைப் பிடிஜிஏ அளந்து தருவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் வட்டுக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண் இது. ஒரு நிறுவனத்தின் 2 இன்னொரு நிறுவனத்தின் 2 ஆக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. ஏவியரிலிருந்து லூனாவுக்கு மாறுகிறவர் கடைசி எண் 1இலிருந்து 3 ஆனதைப் பார்த்து, கூடைக்கு வலப்பக்கம் ஒரு முழம் தள்ளிக் குறிவைக்க வேண்டுமோ என்று அஞ்சுகிறார். அந்த எண் பெரிதும் முழு வலுவோடு எறியும்போது கடைசி இருபது முப்பது மீட்டரில் நடப்பதைப் பற்றியது. ஏழு மீட்டர் பட்டில் வட்டு காற்றில் இருப்பதே ஒரு நொடிக்குள்தான்.

ஆனால் இங்கே எறியும் பாணி குறுக்கே வருகிறது. பட் போடுவதில் இரு பெரிய பாணிகள் உண்டு. ஸ்பின் பட்டில் மணிக்கட்டைச் சொடுக்கி, வேகமாகச் சுழலவிட்டு, தட்டையான கோட்டில் சங்கிலியை நோக்கி எறிவார்கள். புஷ் பட்டில் மணிக்கட்டுக்கு வேலை குறைவு; காலிலிருந்து எழும் விசையோடு வட்டை மேல்நோக்கித் தள்ளி, வளைந்து இறங்கவிடுவார்கள். பலர் இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கிறார்கள். ஸ்பின் பட்காரருக்கு வட்டு சங்கிலியை அடையும்போது வேகமும் சுழற்சியும் மிச்சமிருக்கும். கடைசிச் சாய்வு தொடங்குவதற்குள் வேலை முடிந்துவிடும். புஷ் பட்காரரின் வட்டு உச்சியைத் தொட்டு இறங்கும்போது மெதுவாகியிருக்கும். மிதப்பும் சாய்வும் அந்த இறக்கத்தில்தான் வெளிப்படும். ஆகவே அதே இரண்டு வட்டுகள் ஒருவருக்கு ஒன்றுபோலவும் இன்னொருவருக்கு வெவ்வேறாகவும் தெரிவதில் முரண் ஏதுமில்லை. புது வட்டைப் பற்றி நண்பர் தரும் தீர்ப்பைக் கேட்பதற்கு முன் அவர் எந்தப் பாணியில் எறிகிறார் என்று கேட்டுக்கொள்வது நல்லது. இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வீணாகும் பணமும் நேரமும் கொஞ்சமல்ல.

கைக்கு வருவோம். விளிம்பின் கீழ்ப்பக்க ஓரத்தில், மோதிரம்போல் ஓடும் மெல்லிய வரம்பு சில பட்டர்களில் இருக்கும். அதைப் பீட் என்கிறார்கள். டைனமிக் டிஸ்க்ஸின் ஜட்ஜில் அது உண்டு. அதே நிறுவனத்தின் வார்டனில் இல்லை. ஏவியரிலேயே இரண்டு வகையும் கிடைக்கும். பீட் இருந்தால் விரல் நுனிக்கு ஒரு பிடிமானம். சிலருக்கு அது இல்லாமல் எறியவே வராது. சிலருக்கு அது விடுபடும் நேரத்தில் விரலைத் தடுக்கும் முட்டு. பிறகு மேற்பரப்பு. குவிந்திருந்தால் கட்டைவிரல் உயரத்தில் அமரும். தட்டையாக இருந்தால் தாழ அமரும். அதற்கேற்ப வட்டின் முன்விளிம்பு எழும் கோணம் கொஞ்சம் மாறும். இன்னோவாவின் ரைனோவில் மேலே வளையமாக ஒரு மேடு உண்டு. கட்டைவிரல் தானே போய் அதில் தங்கும். அதைப் பல வருடம் பிடித்துவிட்டு வேறு வட்டுக்கு வருகிறவரின் கட்டைவிரல் இருக்குமிடம் தெரியாமல் மேலே அலைவதைப் பார்த்திருக்கிறேன். உட்குழிவின் ஆழம் ஒரு மில்லிமீட்டர் கூடினாலும் மடங்கிய விரல்களுக்கு அது தெரியும்.

எல்லாவற்றையும்விடப் பிளாஸ்டிக். விலை குறைந்த அடிப்படைப் பிளாஸ்டிக் கையில் பற்றும்; விலை கூடிய வகைகளில் பல வழவழப்பானவை, நீடித்து உழைப்பவை. கை பற்றிக்கொண்டால் வட்டு ஓர் இமைப்பொழுது தாமதித்து விடுபடும். வலக்கைக்காரருக்கு அது வலப்பக்கம் போகும். வழுக்கினால் முன்னதாகவே நழுவி இடப்பக்கம் போகும். என் புது வட்டு செய்தது இதைத்தான் என்று பின்னால் புரிந்தது. அச்சு ஒன்று, எடை ஒன்று. ஆனால் பழைய வட்டின் தேய்ந்து சொரசொரத்த விளிம்புக்கு ஏற்றபடி இறுக்கம் கற்றிருந்த விரல்களுக்குள், புதிதாக வார்த்த மழமழப்பான விளிம்பு வந்திருந்தது.

அந்த ‘முன்னதாக’ என்பது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். விடுபடும் திசை 3 பாகை பிசகினால் 6 மீட்டர் தள்ளி வட்டு 31 சென்டிமீட்டர் விலகியிருக்கும். 10 மீட்டரில் 52. கம்பத்திலிருந்து கூடையின் விளிம்பு வரை சுமார் 30 சென்டிமீட்டர்தான். அதாவது 3 பாகைப் பிசகுக்கு ஆறு மீட்டரில் விளிம்பு தட்டும், பத்து மீட்டரில் வெறுங்காற்று. கடைசி எண் 1ஆ 3ஆ என்பதற்குள் ஒளிந்திருக்கும் எந்த வித்தியாசமும் இந்தத் தூரத்தில் இவ்வளவு பெரிதாக வருவதில்லை. புது வட்டு இடப்பக்கமே போகிறது என்று கண்டதும், இது அதிகம் சாயும் வட்டு என்று முடிவுகட்டி வலப்பக்கம் குறிவைக்கத் தொடங்குகிறவர், விரலின் பிழைக்குக் கண்ணைத் திருத்துகிறார். பத்து நாளில் விரல் தானே சரியாகும்போது குறி தப்பாகிவிடும். பழகும் காலம் இரட்டிப்பாவது பல பேருக்கு இப்படித்தான்.

எடையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விட்டத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 8.3 கிராம் என்பது உச்ச வரம்பு, 21.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள பட்டருக்கு அது கிட்டத்தட்ட 176 கிராம் வருகிறது. பெரும்பாலோர் 170க்கு மேல்தான் வைத்திருக்கிறார்கள். கனமானது காற்றில் கொஞ்சம் அசையாமல் நிற்கும். இலேசானது கொஞ்சம் மிதக்கும். பாணியையும் பிளாஸ்டிக்கையும் மாற்றுவதோடு ஒப்பிட்டால் நாலைந்து கிராமுக்கு இரண்டு மூன்று நாளில் கை ஒத்துப்போகும்.

அப்படியானால் கை எதை நினைவில் வைத்திருக்கிறது? இந்த ஆட்டத்தை மையமாக வைக்காத இரண்டு ஆய்வுகள் எனக்கு இதில் வெளிச்சம் தந்தன. ஒன்று 2005இல் கீட்ச், ஷ்மிட், லீ, யங் ஆகியோர் கூடைப்பந்து வீரர்களிடம் செய்தது. பல தூரங்களிலிருந்து எறியவைத்தார்கள். தூரம் கூடக் கூடத் துல்லியம் சீராகக் குறைந்தது, ஒரே ஓர் இடத்தைத் தவிர. இலவச எறிக்கோடான 15 அடியில் மட்டும் அந்தச் சீரான கோட்டுக்கு மேலே துள்ளி நின்றது. ஆயிரக்கணக்கான முறை நின்று எறிந்த அந்த ஓர் இடத்துக்கென்று உடம்பு தனி நினைவு வைத்திருந்தது. பழைய பட்டரோடு நம்முடைய ஆறு மீட்டரும் அப்படிப்பட்டதுதான் என்று நினைக்கிறேன். வட்டு மாறும்போது பொதுவான திறமை நம்மை விட்டுப் போவதில்லை. அந்தத் தனி நினைவுதான் உதிர்கிறது. அதுவரை சொந்தத் திறமை என்று நாம் எண்ணியிருந்ததில் எவ்வளவு அந்தத் தனி நினைவின் கொடை என்பது அப்போதுதான் தெரியவருகிறது. நெடுநாள் ஆடியவர்களுக்கு மாற்றம் புதியவர்களைவிட அதிகமாக வலிப்பதற்கும் காரணம் இதுவாகவே இருக்கும்.

மற்றொன்று 1978இல் கெர், பூத் ஆகிய இருவர் சிறுவர்களை வைத்து நடத்தியது. சின்ன மூட்டைகளை இலக்கை நோக்கி எறிய வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் 3 அடியிலிருந்தே பழகினார்கள். மற்றவர்கள் 2 அடியிலும் 4 அடியிலும் பழகினார்கள், 3 அடியில் பழகவே இல்லை. கடைசியில் 3 அடியில் சோதித்தபோது, அங்கேயே நின்று பழகியவர்களைவிட, அந்தத் தூரத்தைத் தொடாமல் முன்னும் பின்னும் மாற்றிப் பழகியவர்கள் நன்றாக எறிந்தார்கள். உடம்பு ஓர் எறியைக் கற்கும்போது அந்த ஒன்றை மட்டும் கற்பதில்லை. எறிகளுக்கு இடையிலான உறவையும் கற்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் முரண்போலத் தோன்றும். ஒன்று, ஓரிடத்தில் நின்று ஆயிரம் முறை எறிந்தால் அங்கே தனிப் பலம் வரும் என்கிறது. இன்னொன்று, மாற்றி எறி என்கிறது. காலத்தை வைத்துப் பார்த்தால் சிக்கல் தீரும். தனி நினைவு உருவாக வருடங்கள் வேண்டும். புது வட்டோடு முதல் சில வாரங்களில் அதைத் துரத்துவது வீண். வட்டின் குணத்தைக் கை வேகமாக அறிய வேண்டுமானால் நான்கு, ஒன்பது, ஆறு, எட்டு என்று தூரத்தை எறிக்கு எறி மாற்றுவதே வழி. கார் நிறுத்தும் கொட்டகையில் கூடையை வைத்து, ஒரே அடையாளத்தில் நின்று நூறு எறி எறிகிறவர்கள் நிறைய. அது கைக்குச் சுகமாக இருக்கும். முன்னேற்றமும் அன்றைக்கே தெரியும். சனிக்கிழமை களத்தில் ஏழரை மீட்டரில், மேட்டில், ஒரு கால் வேரின் மேல் நிற்கும்போது அந்த முன்னேற்றம் கூட வருவதில்லை.

ஃபின்லாந்திலிருந்து பரவிய ‘யூலி’ என்ற பயிற்சி ஆட்டம் இதற்கென்றே அமைந்ததுபோல் இருக்கிறது. ஐந்து வட்டுகளோடு 10 மீட்டரில் தொடங்க வேண்டும். எத்தனை விழுந்தது என்பதைப் பொறுத்து அடுத்த இடம் அமையும்: ஒன்றுமே விழாவிட்டால் 5 மீட்டர், ஒன்று விழுந்தால் 6, இரண்டுக்கு 7, இப்படி ஐந்தும் விழுந்தால் மறுபடி 10. விழுந்த எண்ணிக்கையைத் தூரத்தால் பெருக்கினால் புள்ளி. இருபது சுற்று, நூறு எறி, முழு மதிப்பெண் 1000. தூரத்தை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. நம் கையே தேர்ந்தெடுக்கிறது. தடுமாறும் கையை அருகே அழைக்கிறது, தேறும் கையைத் தள்ளி நிறுத்துகிறது. புது வட்டு வாங்கிய நாளிலிருந்து வாரம் இருமுறை யூலி ஆடிப் புள்ளியைக் குறித்துவந்தால், பழகியாயிற்றா என்ற கேள்விக்கு மனநிலையைக் கேட்காமலே பதில் கிடைக்கும். ஒரே வகையில் ஐந்து வட்டு வேண்டுமே என்றால், ஆமாம், வேண்டும். ஒற்றைப் பட்டரை வாங்கி எறிந்து, நடந்து, எடுத்து, திரும்பி வந்து பழகுகிறவரின் பாதி நேரம் நடையில் போய்விடும்.

பார்வையைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பகுதியை விட மனமில்லை. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ், கூடைப்பந்து இலவச எறியையும் கோல்ஃப் பட்டையும் ஆராய்ந்து, தேர்ந்தவர்களின் பார்வை அசைவு தொடங்குவதற்கு முன் இலக்கின் மேல் சலனமில்லாமல் கூடுதல் நேரம் தங்குவதைக் கண்டார். கவனம் உடம்பின் அசைவில் இருப்பதைவிட வெளியே, அசைவின் விளைவில் இருக்கும்போது எறி நன்றாக வருகிறது என்று காப்ரியேலே வுல்ஃப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். பட்காரர்கள் ஒற்றைச் சங்கிலிக் கண்ணியைத் தேர்ந்து அதையே பார்க்கும் பழக்கம் இந்த ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. புது வட்டு கெடுப்பது இதைத்தான். விரலடியில் ஏதோ அந்நியமாக இருப்பதால் கவனம் கண்ணியிலிருந்து இறங்கி விரலுக்கு வந்துவிடுகிறது. எறியைக் குலைப்பது புது வட்டின் வடிவம் பாதி, இந்த இடம்பெயர்ந்த கவனம் பாதி என்றே சொல்வேன். ஆகவே விரலைப் பற்றிய யோசனைகளை வீட்டிலேயே முடித்துக்கொள்ள வேண்டும். பீட் பிடிக்கிறதா, கட்டைவிரல் எங்கே, எவ்வளவு இறுக்கம் என்பதையெல்லாம் தொலைக்காட்சி பார்த்தபடி மடியில் வட்டை வைத்துப் பிடித்துப் பிடித்தே பாதி அறிந்துவிடலாம். களத்தில் கண்ணி மட்டும்.

தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்ன சொல்கிறார்கள்? சொல்வதைவிடச் செய்ததைப் பார்க்கலாம். பன்னிரண்டு உலகப் பட்டங்களை வென்ற கென் கிளைமோ நிலைத்தன்மைக்கு உதாரணம். ஏவியரின் ஒரு வகைக்கு ‘கேசி புரோ’ என்று அவர் பெயரின் முதலெழுத்துகளையே வைத்தார்கள். மாற்றத்துக்கு உதாரணம் பால் மெக்பெத். 2012 முதல் 2015 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்களை இன்னோவா வட்டுகளால் வென்றவர், 2018 முடிவில் டிஸ்கிராஃப்டுக்குப் போனார். பட்டர் உட்படப் பை முழுவதும் மாறியது. லூனா அவருக்கென்றே உருவான பட்டர். மறு ஆண்டே, 2019இல், இலினாய் மாநிலத்தின் பியோரியாவில் ஐந்தாவது உலகப் பட்டத்தை வென்றார். 2022இல் கான்சஸின் எம்போரியாவில் ஆறாவது. அமெரிக்கப் போட்டிக் காலம் பிப்ரவரிக் கடைசியில் தொடங்கும். ஒப்பந்தங்கள் பெரும்பாலும் புத்தாண்டை ஒட்டி மாறும். ஆக உலகின் மிகச் சிறந்த கைக்கும் ஒரு குளிர்காலமே கிடைத்தது, அது போதுமாகவும் இருந்தது. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் அவருக்கு வேறு வேலை கிடையாது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அலுவலகம் முடிந்து இருட்டுவதற்குள் அரை மணி நேரம் எறிகிறவருக்கு அதே எறி எண்ணிக்கையைத் தொட ஒரு வருடம் ஆகலாம். மெக்பெத்தைப் பார்த்து இரண்டு மாதத்தில் முடியும் என்று நினைப்பதும், நம் அனுபவத்தை வைத்து அது முடியாத காரியம் என்பதும் ஒரேபோலத் தவறு. நாளை எண்ணாமல் எறிகளை எண்ண வேண்டும்.

2021 உலகப் போட்டியில் யூட்டா மாநிலத்தின் ஆக்டனில் ஜேம்ஸ் கான்ராட் கடைசிக் கூடையில் சுமார் 75 மீட்டரிலிருந்து நேராகச் சங்கிலியில் போட்டு, மெக்பெத்தைச் சமன்செய்து, கூடுதல் ஆட்டத்தில் பட்டம் வென்றாரே, அந்த வட்டும் ஒரு பட்டர்தான்: என்வி. அதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பட்டரைத் தூரத்துக்கும் எறியலாம், பலர் எறிகிறார்கள். ஆனால் தேர்ந்தவர்கள் பலர் தூரம் எறிவதற்கு ஒன்று, பட்டுக்கு மட்டும் ஒன்று என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். மரத்திலும் கல்லிலும் மோதும் வட்டு விரைவில் வேறு வட்டாகிவிடும்.

இங்கேதான் நான் முதலில் கேட்ட கேள்வியின் மறுபாதி வருகிறது. நம் வீடுகளில் புது தோசைக்கல்லைப் பழக்குவது என்று சொல்வோம். எண்ணெய் தடவி, வெங்காயம் தேய்த்து, முதல் சில தோசைகள் ஒட்டிப் பிய்ந்து, பிறகு ஒருநாள் கல் பழகிவிடும். சமைக்கிறவர் பழகுவதும் கல் பழகுவதும் ஒரே சமயத்தில் நடக்கும். எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அடிப்படைப் பிளாஸ்டிக் பட்டர் அப்படிப்பட்டது. கூடையின் இரும்பில் பட்டுப் பட்டு விளிம்பின் மழமழப்பு போகிறது. நுண்ணிய கீறல்கள் விரலுக்குப் பிடி தருகின்றன. விளிம்பு கொஞ்சம் நசுங்கி, கடைசிச் சாய்வு குறைந்து, வட்டு நேராகப் போகத் தொடங்குகிறது. புதிதாக இருக்கும்போது இடப்பக்கம் இழுத்த வட்டு ஆறு மாதத்தில் அடங்கிவிடும். விலை கூடிய பிளாஸ்டிக் அவ்வளவு மாறாது. தீய்ந்த சோற்றைக்கூட ஒட்டவிடாத பாத்திரம்போல வாங்கிய நாளில் இருந்தபடியே பல வருடம் இருக்கும். மாறாத வட்டு வேண்டும் என்பவர் அதற்குப் போகலாம். எனக்கு முதல்வகைதான் பிடிக்கிறது. வட்டும் நானும் ஒருவரை நோக்கி ஒருவர் நகர்கிறோம் என்ற எண்ணம், விழாத எறிகளுக்கு நடுவே பொறுமையைத் தருகிறது. ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு: அந்த வட்டு தொலைந்தால், கடையில் கிடைப்பது அதன் பிள்ளைப்பருவம் மட்டுமே. ஏரி என்னிடமிருந்து கொண்டுபோனது அச்சிட்ட பெயரும் எடையும் கொண்ட ஒரு வட்டை அல்ல, ஐந்தாறு வருடத் தேய்மானத்தை.

வானிலை இந்தக் கணக்கைக் கலைக்கும். குளிரில் பிளாஸ்டிக் விறைக்கும், விரலும் மரத்துப்போகும். கோடையில் மெத்தென்று பழகிய வட்டு ஜனவரியில் ஓட்டுத் துண்டைப் பிடித்ததுபோல் இருக்கும். எதிர்காற்று வட்டைத் தூக்கும், பின்காற்று அழுத்தும். எனவே வட்டை மாற்ற நினைப்பவர், பருவம் மாறும் வாரத்தில் அதைச் செய்யாமல் இருப்பது நல்லது. எது குளிரால், எது வட்டால் என்று பிரித்தறிய முடியாமல் இரண்டையும் சந்தேகிக்க நேரும்.

பழைய வட்டைக் கையோடு வைத்திருக்கலாமா? தொலையாமல், விரும்பி மாற்றுகிறவர்களுக்கு இது பெரிய கேள்வி. சுற்றுக்கு நடுவே பயிற்சி எறி எறிய விதி இடம் தருவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே வழி கிடையாது. பழையது பையில் இருந்தால் இரண்டு எறி தவறியதும் கை அதைத்தான் தேடும். அது அன்றைக்கு இரண்டு எறியைக் காப்பாற்றும், பழகுவதைப் பல வாரம் தள்ளிப்போடும். அலமாரியில் வையுங்கள், எறிந்துவிட வேண்டாம். யூலிப் புள்ளி இரண்டு மாதம் கழித்தும் பழைய அளவுக்கு அருகே வராவிட்டால், அப்போது பழையதை எடுத்து ஒரு வாரம் எறிந்து பாருங்கள். புள்ளி உடனே ஏறினால் புது வட்டு உங்கள் கைக்கு ஆனதில்லை என்று மனம் நோகாமல் ஒப்புக்கொள்ளலாம். பீட் கூடாத விரல்கள் உண்டு. ஆழமான உட்குழிவு கொள்ளாத சிறு உள்ளங்கைகள் உண்டு. அதைப் பயிற்சியால் வெல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

ஏரிக்குப் பிறகு நான் அதே அச்சில், ஒரே சமயத்தில் வந்த சரக்கிலிருந்து மூன்று வட்டுகள் கூடுதலாக வாங்கினேன். வார்ப்புக்கு வார்ப்பு பிளாஸ்டிக்கின் இறுக்கமும் மேற்பரப்பின் குவிவும் கொஞ்சம் மாறுகின்றன என்பதால் ஒரே சரக்கு. அடிப்புறத்தில் மையால் 1, 2, 3, 4 என்று எழுதியிருக்கிறேன். முதலிரண்டும் களத்துக்குப் போகின்றன, வாரம் மாற்றி வாரம், ஒன்றுபோலத் தேயட்டும் என்று. மூன்றாவது கொல்லைப்புறக் கூடைக்கு மட்டும். நான்காவதை இன்னும் எறியவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அதே ஆறு மீட்டரில் ஒன்றாம் எண்ணைக் கையில் எடுத்தபோது, விளிம்பில் இருந்த ஒரு சிறு கீறலில் ஆள்காட்டி விரல் தானே போய் உட்கார்ந்தது. அந்தக் கீறல் எந்தக் கூடையில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது.